மிளகாய் சுருட்டல், செம்பருத்தி வெள்ளை, கத்திரி நுனி தொங்கல்: எல்லாத்துக்கும் வேப்பெண்ணெய் ஒண்ணே போதுமா?

கேள்வி நீளமா இருந்துச்சு, மத்தவங்களுக்கும் புரியறதுக்காக சுருக்கி சொல்லிடறேன். மதுரைல மொட்டை மாடில க்ரோ பேக் வச்சு காய்கறி போட்டிருக்காங்க. மிளகாய் இலை பூரா சுருண்டு போச்சு, செம்பருத்தில வெள்ளை வெள்ளையா பஞ்சு மாதிரி அடை, கத்திரில நுனி மட்டும் தொங்குது, தக்காளி காய் அடிப்பக்கம் கருத்துப் போகுது, பக்கத்து வீட்டு தென்னைக்கு கீழ வர்ற கொய்யா இலை எல்லாம் கன்னங்கரேல்னு ஆயிடுச்சு. வாரத்துக்கு ரெண்டு வாட்டி வேப்பெண்ணெய் அடிக்கறாங்க, நடுவுல பஞ்சகவ்யா, 3ஜி கரைசல் (இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய்) வேற. ஒண்ணும் கேக்கல. உரக்கடைல ஒரு பாட்டில் தர்றேங்கறாங்க, எல்லாத்துக்கும் அது ஒண்ணே போதுமாம், வாங்கலாமான்னு கேள்வி.

இப்போதைக்கு வாங்காதீங்க. நீங்க சொன்ன அஞ்சும் அஞ்சு வேற வேற சமாச்சாரம். அதுல தக்காளி பூச்சியே கிடையாது, கொய்யா கருப்பு நோயே கிடையாது, கத்திரிக்கு எந்த எண்ணெயும் உள்ள போய் சேராது. மிச்சம் ரெண்டுக்குத் தான் வேப்பெண்ணெய் ஏதோ கொஞ்சம் வேலை செய்யும், அதுவும் அடிக்கற விதத்துல அடிச்சா. அதனால வேப்பெண்ணெய் கேக்கலைங்கறதே சரியான புகார் இல்ல, என்ன வந்திருக்குன்னு பாக்காமயே அடிச்சுட்டு இருக்கோம், அதான் விஷயம். கடைக்காரர் பாட்டில் வாங்கினாலும் இதே கதை தான் நடக்கும், காசும் போகும், நல்ல பூச்சியும் போகும்.

முதல்ல மிளகாய், ஏன்னா மாடித்தோட்டத்துல பாதிப்பேர் அழறது இதுக்குத் தான்.

இலை எந்தப் பக்கமா சுருண்டிருக்குன்னு பாருங்க. ஓரம் ரெண்டும் மேல் பக்கமா தூக்கிட்டு உள்ள மடங்கி இருந்தா அது பெரும்பாலும் இலைப்பேன், த்ரிப்ஸ்னு சொல்றது. ஓரம் கீழ் பக்கமா இறங்கி கவுத்துப்போட்ட படகாட்டம் இருந்தா அது மஞ்சள் சிலந்தி, மைட்னு சொல்றது, வலை பின்ற பெரிய சிலந்தி இல்ல. இது ரெண்டும் இல்லாம இலை ரொம்ப சின்னதாயி, நரம்புக்கு நடுவுல மஞ்சளாயி, கணுவுக்கு கணு இடைவெளியே இல்லாம கொத்து கொத்தா நின்னு, செடியே குட்டையாயி பூவும் வைக்கலன்னா அது வைரஸ். மூணுக்கும் பேரு 'இலை சுருட்டல்' தான், வைத்தியம் மூணும் மூணு தினுசு.

சரி கண்ணால பாத்து எப்படி உறுதி பண்றது? ஒரு வெள்ளைப் பேப்பரை எடுத்து நுனிக் கொழுந்துக்கு கீழ பிடிச்சுக்கிட்டு விரலால நாலு தட்டு தட்டுங்க. பேப்பர்ல மெல்லிசா, வெளிர் மஞ்சளா, நூல் துணுக்கு அளவுக்கு ஏதாவது விழுந்து குடுகுடுன்னு ஓடுச்சுன்னா இலைப்பேன். பூவைப் பிச்சு உள்ளயும் பாருங்க, கருப்பா இருக்கற ஒரு வகை பூவுக்குள்ளயே குடியிருக்கும், பூ கொட்டறதுக்கு அதுவும் ஒரு காரணம். அந்த கருப்பு இலைப்பேன் நம்ம ஊரு சரக்கு இல்ல, தென்கிழக்கு ஆசியா பக்கத்துல இருந்து வந்தது, 2015ல பெங்களூரு பக்கம் பப்பாளில தான் இந்தியால முதல்ல பாத்தாங்க, அப்புறம் 2021ல ஆந்திரா தெலங்கானா மிளகாய்க் காட்டுக்குள்ள புகுந்து விவசாயிங்க செடியை பிடுங்கி எறியற அளவுக்கு கொண்டு விட்டுருச்சு. அதனால 'சின்னப் பூச்சி தானே'ன்னு விடற ஆளு இல்ல இது.

பேப்பர்ல ஒண்ணுமே விழல, ஆனா இலை கீழ்ப்பக்கமா மடங்கி இருக்கு, இலைக்காம்பு வழக்கத்த விட நீளமா இருக்கு, இலை தடிச்சு தொட்டா மொடமொடன்னு ஒடியுது, பின்பக்கம் ஒரு மினுமினுப்பு இருக்குன்னா மஞ்சள் சிலந்தி. இது கால் மில்லிமீட்டர் கூட இருக்காது, வெறுங்கண்ணுக்கு தெரியாது, பத்து மடங்கு லென்ஸ் ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க, ஸ்டாம்ப் சேக்கறவங்க, நகைக்கடைக்காரங்க வச்சிருப்பாங்கல்ல அந்த மாதிரி, விலை கம்மி தான், மாடித்தோட்டம் போடறவங்க எந்த மருந்துக்கும் முன்னாடி வாங்க வேண்டியது இது தான்னு சொல்லுவேன். இன்னொரு வேடிக்கை, இந்த சிலந்திக்கு றெக்கை கிடையாது, ஆனா வெள்ளை ஈ கால்ல தொத்திக்கிட்டு செடி விட்டு செடி சவாரி போகும். அதனால வெள்ளை ஈய கட்டுப்படுத்தினா சிலந்தியும் குறையும், வைரஸும் குறையும், ஏன்னா மிளகாய் சுருட்டை வைரஸை பரப்பறதும் அதே வெள்ளை ஈ தான்.

இங்க தான் கடைப் பாட்டில் பல்லை இளிக்கும். சிலந்திக்கு எட்டு கால், அது பூச்சி இனமே கிடையாது. சாதாரண பூச்சிமருந்து நிறைய அதைக் கொல்லாது, ஆனா சிலந்தியை தின்னுட்டு இருந்த நல்ல பூச்சி, நல்ல சிலந்தி எல்லாத்தையும் கொன்னுடும். அடிச்ச ரெண்டு வாரத்துல முன்னைய விட ஜாஸ்தியா சுருளும், உடனே 'டோஸ் பத்தல'ன்னு இன்னொரு ரவுண்டு அடிப்பாங்க. பைரித்ராய்டு வகை மருந்து அடிச்ச தோட்டத்துல இது சர்வ சாதாரணம்.

இலைப்பேன், சிலந்தி ரெண்டுக்கும் பொதுவா செய்ய வேண்டியத சொல்றேன். ரொம்ப சுருண்ட நுனிய ரெண்டு மூணு இஞ்ச் கவாத்து பண்ணி சோப்புத் தண்ணி வாளில போட்டுடுங்க, மாடில ஒரு மூலைல குவிச்சு வச்சா திரும்ப ஏறி வந்துடும். அப்புறம் காலைல வெயில் ஏறறதுக்கு முன்னாடி ஹோஸ் பைப்பை கீழ இருந்து மேல பாக்கற மாதிரி பிடிச்சு இலை பின்பக்கத்தை நல்லா கழுவுங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு வாரத்துக்கு. நம்ப மாட்டீங்க, பத்து செடி இருபது செடி இருக்கற மாடிக்கு வெறும் தண்ணியே பாதி வேலைய முடிச்சிடும், ஏக்கர் கணக்குல வச்சிருக்கற விவசாயிக்கு இந்த வசதி கிடையாது, நமக்கு இருக்கு, நாம தான் செய்யறதில்ல.

அதுக்கப்புறம் இலைப்பேன்னா வேப்பெண்ணெயோ வேப்பங்கொட்டைக் கரைசலோ, வாரம் ஒரு வாட்டி, மூணு வாரம் விடாம. ஏன் மூணு வாரம்னா அது முட்டைய இலைச் சதைக்குள்ளயே செருகி வைக்குது, கூட்டுப்புழுப் பருவத்துல பெரும்பாலும் மண்ணுக்கும் சருகுக்கும் இறங்கிடுது, ரெண்டு இடத்துலயும் உங்க ஸ்ப்ரே படாது, வெளில வரவர தான் பிடிக்க முடியும். பைக்குள்ள கெடக்கற காஞ்ச இலைய எடுத்துட்டு மேல் மண்ண லேசா கிளறி விடுங்க. நீல ஒட்டும் அட்டை ரெண்டு தொங்க விடுங்க, மஞ்சள் அட்டை வெள்ளை ஈக்கு, நீலம் இலைப்பேனுக்கு. சிலந்தின்னு உறுதியா தெரிஞ்சா நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், சாயங்காலம். ஆனா மதுரை சித்திரை வைகாசி வெயில்ல கந்தகம் அடிச்சா இலை கருகும், கொஞ்சம் வெக்கை தணிஞ்ச நாளா பாருங்க, வேப்பெண்ணெய் அடிச்சிருந்தா ரெண்டு வாரம் கேப் விட்டு தான் கந்தகம், ரெண்டும் சேந்தா செடி கருகிடும். பூசணி, வெள்ளரி இனத்துக்கும் கந்தகம் ஒத்துக்காது, மிளகாய்க்கு அடிக்கறப்ப பக்கத்துல கொடி இருந்தா மறைச்சுக்கோங்க.

வைரஸ்னா மருந்து இல்ல. யார் என்ன சொன்னாலும் இல்ல. மோர் அடிச்சு சரியாச்சு, பெருங்காயம் ஊத்தி சரியாச்சுன்னு சொல்றவங்க செடிக்கு வந்தது பெரும்பாலும் வைரஸா இருந்திருக்காது, இலைப்பேனா இருந்திருக்கும். விடியக்காலைல வெள்ளை ஈ மந்தமா இருக்கறப்ப செடி மேல ஒரு கவரை கவுத்து அப்படியே வேரோட பிடுங்கி கட்டி வெளில அனுப்பிடுங்க, மத்த செடியாவது பிழைக்கும்.

முக்கியமான ஒண்ணு, சுருண்ட இலை திரும்ப விரியாது. பூச்சி செத்தாலும் பழைய இலை அப்படியே தான் நிக்கும். நிறைய பேர் இதைப் பாத்துட்டு 'இன்னும் போகலியே'ன்னு அடிச்சுக்கிட்டே இருக்காங்க. நீங்க பாக்க வேண்டியது புதுசா வர்ற கொழுந்தை மட்டும் தான். அது நேரா வந்தா வேலை முடிஞ்சுது, ஸ்ப்ரேயரை கழுவி வச்சிடுங்க.

அடுத்தது செம்பருத்தி. வெள்ளை அடை, மாவுப்பூச்சி தான், சந்தேகமில்ல. ஆனா எதையாவது நசுக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் உத்துப் பாருங்க. மாவுப்பூச்சி மூணு நாலு மில்லிமீட்டர், ஒரே இடத்துல அப்பிக்கிட்டு நகராம இருக்கும். அதே கூட்டத்துக்குள்ள அதை விட பெருசா, உடம்பு பூரா நீள நீளமா வெள்ளை மெழுகு இழை தொங்கிக்கிட்டு, சுறுசுறுப்பா அங்கயும் இங்கயும் நடக்கற ஒண்ணு இருந்தா அதை தொடாதீங்க. அது மாவுப்பூச்சிய திங்கற பொறிவண்டோட புழு. கிரிப்டோலேமஸ்னு பேரு, ஆஸ்திரேலியா வண்டு, வளந்தா கருப்பு முதுகு ஆரஞ்சு தலையோட குட்டியா இருக்கும். இரை மாதிரியே வேஷம் போட்டுக்கிட்டு இருக்கறதால எறும்பும் கண்டுக்கறதில்ல, நாமளும் 'அட பெரிய மாவுப்பூச்சி'ன்னு அதைத் தான் முதல்ல நசுக்கறோம். இது நாலஞ்சு இருக்கற செடிக்கு எதையும் அடிக்காம விட்டாலே ஒரு மாசத்துல சுத்தம் பண்ணிடும்.

அது இல்லன்னா நம்ம கை தான். அடை கட்டின நுனிய கவாத்து பண்ணுங்க, செம்பருத்தி எவ்வளவு வெட்டினாலும் துளுக்கும், பயப்பட வேணாம். மிச்சத்தை தண்ணி வேகமா அடிச்சு உதிர்த்துடுங்க. கணு இடுக்குல ஒளிஞ்சிருக்கறத மெடிக்கல்ல விக்கற சர்ஜிக்கல் ஸ்பிரிட்ல பஞ்சை நனைச்சு தொட்டு எடுங்க, மெழுகு கரைஞ்சு அங்கயே செத்துடும். அப்புறம் வாரம் ஒருக்கா சோப்புக் கரைசலும் வேப்பெண்ணெயும். முட்டைப் பை மேல மெழுகுப் பஞ்சு இருக்கறதால ஒரு வாட்டி அடிச்சா போகாது.

எறும்பை விட்டுடாதீங்க, இதுல அது தான் பாதி வில்லன். மாவுப்பூச்சி கழிக்கற இனிப்புத் தண்ணிக்காக எறும்பு அதுக்கு காவல் நிக்கும், எதிரி வந்தா விரட்டும், குஞ்சை தூக்கிட்டுப் போய் அடுத்த செடில விடும். தொட்டிய ஸ்டாண்ட்ல வச்சு கால் நாலையும் தண்ணிக் கிண்ணத்துல நிறுத்துங்க, செடியோட கிளை சுவத்தையோ பக்கத்து செடியையோ தொடாம பாத்துக்கோங்க, இல்லன்னா பாலம் போட்ட மாதிரி ஆயிடும். எறும்பு போச்சுன்னா பாதி மாவுப்பூச்சிய நல்ல பூச்சியே பாத்துக்கும்.

இதை சும்மா சொல்லல. 2008ல கோயமுத்தூர்ல பப்பாளி மாவுப்பூச்சின்னு ஒண்ணு முதல் முதலா வந்துச்சு, மெக்சிகோ பக்கத்து பூச்சி. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, வீட்டுச் செம்பருத்தி, ரோட்டோர பார்த்தீனியம் வரைக்கும் எல்லாம் வெள்ளை. திருப்பூர் ஈரோடு பக்கம் பட்டுப்புழு வளக்கறவங்க மல்பெரித் தோட்டத்த அழிச்சுட்டு உக்காந்தாங்க. அடிக்காத மருந்து இல்ல, அடிச்ச பதினஞ்சு நாள்ல திரும்ப வரும். கடைசில 2010ல அமெரிக்க வேளாண் துறை உதவியோட போர்ட்டோ ரிக்கோல இருந்து அசெரோஃபேகஸ்னு ஒரு குட்டிக் குளவிய கொண்டு வந்தாங்க, பெங்களூரு ஆராய்ச்சி நிலையத்துல வளத்து, கோவை வேளாண் பல்கலைக்கழகம் பெருக்கி தோட்டம் தோட்டமா விட்டாங்க. கண்ணுக்கே சரியா தெரியாத குளவி, மாவுப்பூச்சி உடம்புக்குள்ள முட்டை வைக்கும், அது உப்பி பழுப்பா காஞ்சு கூடாயிடும். அடுத்த ஒரு வருஷத்துக்குள்ள அடங்கிப் போச்சு. இன்னிக்கும் அந்தக் குளவி நம்ம ஊர்ல சுத்திக்கிட்டு தான் இருக்கு. நீங்க கடைப் பாட்டிலை அடிச்சா முதல்ல சாகறது அது தான், மெழுகுக்குள்ள இருக்கற மாவுப்பூச்சி இல்ல.

கத்திரிக்கு வருவோம். காலைல வெயிலுக்கு முன்னாடி மத்த இலையெல்லாம் நிமிந்து நிக்க ஒரு கிளையோட நுனி மட்டும் தலை தொங்குதுன்னா தண்டு துளைப்பான். தொங்கற இடத்துக்கு ரெண்டு இஞ்ச் கீழ வெட்டி, பிளேடால நெடுக பிளந்து பாருங்க, உள்ள எச்சமும் ஒரு வெளிர் ரோஸ் கலர் புழுவும் இருக்கும். புழு இல்ல, ஓட்டை மட்டும் இருக்குன்னா இன்னும் கீழ வெட்டுங்க. முட்டைல இருந்து வெளில வந்த கொஞ்ச நேரத்துலயே தண்டுக்குள்ளயோ காய்க்குள்ளயோ பூந்துடும், அதனால மேல அடிக்கற எதுவும் அதுக்கு தெரியவே தெரியாது. இந்த ஒரு புழுவுக்காகத் தான் பி.டி. கத்திரிக்காயே, அதான் மரபணு மாத்தின கத்திரி, கொண்டு வந்தாங்க, 2010ல மத்திய அரசு நிறுத்தி வச்சதும் அதை ஒட்டி நடந்த சண்டையும் ஞாபகம் இருக்கும். விவசாயி ஒரு பட்டத்துக்கு எத்தனை வாட்டி மருந்து அடிக்கறாருன்னு கேட்டா கடைல கத்திரிக்காய் வாங்கவே யோசிப்பீங்க.

நமக்கு சுலபம். தினமும் காலைல ஒரு பார்வை, தொங்கற நுனிய வெட்டி சோப்புத் தண்ணில. ஓட்டை விழுந்த காய பறிச்சு கம்போஸ்ட்ல போடாதீங்க, அங்க கூட்டுப்புழுவாயி அந்துப்பூச்சியா திரும்ப வரும், அதையும் தண்ணில மூழ்க விடுங்க. அடில விழுந்த சருகுல தான் கூடு கட்டும், அதை கூட்டிடுங்க. கத்திரிக்குன்னே இனக்கவர்ச்சிப் பொறி விக்குது, லூசிலூர்னு கேளுங்க, ஒரு மாடிக்கு ஒண்ணு போதும், ஆண் அந்துப்பூச்சி விழும். செடி கொஞ்சம் இருந்தா கொசு வலைய போட்டு மூடறது இன்னும் நல்லது, கத்திரிக்கு வலைக்குள்ளயே காய் பிடிக்கும், காலைல செடிய லேசா உலுக்கி விட்டா போதும்.

ஒருவேளை நுனி இல்லாம செடி மொத்தமும் தொங்குது, சாயங்காலம் ஆனாலும் எழுந்திரிக்கல, இலை பச்சையாவே இருக்குன்னா அது வேற, பாக்டீரியா வாடல். அடித்தண்டுல ஒரு துண்டு வெட்டி கண்ணாடி டம்ளர் தண்ணில நுனி மட்டும் படற மாதிரி பிடிங்க, கொஞ்ச நேரத்துல வெட்டின இடத்துல இருந்து பால் நூல் இழுத்தாப்ல வெள்ளையா இறங்கும். இறங்குச்சுன்னா அந்த செடியும் பை மண்ணும் வெளில, அதுல திரும்ப கத்திரி தக்காளி மிளகாய் வைக்கக் கூடாது.

தக்காளி அடிக் கருப்பு பூச்சியும் இல்ல தொத்தும் இல்ல. கால்சியம் காய்க்கு போய் சேரல, அவ்வளவு தான். உடனே முட்டை ஓட்டை பொடி பண்ணி போடாதீங்க, அது மண்ணுல கரைஞ்சு செடிக்கு கிடைக்க மாசக் கணக்காகும், அதுக்குள்ள அந்த செடியோட ஆயுசே முடிஞ்சிடும். மண்ணுல கால்சியம் இல்லாம இருக்கறது கம்மி தான், உங்க ஊரு போர் தண்ணி உப்புத் தண்ணியா இருந்தா அதுலயே வேணுங்கற அளவு இருக்கும். கால்சியம் தண்ணியோட சேந்து தான் செடிக்குள்ள ஏறும், ஒரு நாள் பை பாலைவனம், மறுநாள் குளம்னு ஊத்தினா ஏறாது. சின்ன பைல தக்காளி வச்சா வைகாசி வெயிலுக்கு மத்தியானமே காஞ்சிடும், பதினஞ்சு இஞ்ச் பையா மாத்துங்க, காலைலயும் சாயங்காலமும் அளவா ஊத்துங்க, மேல காஞ்ச இலையோ தென்னை மட்டை நாரோ பரப்பி மூடாக்கு போடுங்க. கோகோபீட்டை, அதான் தென்னை நார்த்தூளை, கழுவாம கலந்திருந்தா அந்த உப்பும் கால்சியத்தை மறிக்கும். மீன் அமிலம், பஞ்சகவ்யான்னு தழைச்சத்தா ஊத்திக்கிட்டு இருந்தீங்கன்னா அதையும் குறைங்க, இலை தான் கொழுக்கும், இருக்கற கால்சியத்தையும் இலையே இழுத்துக்கும். கருத்த காய பறிச்சுடுங்க, அடுத்த கொத்து சரியா வரும்.

பஞ்சகவ்யா பேச்சு வந்ததால இதையும் சொல்லிடறேன், சில பேருக்கு கோவம் வரலாம். கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பின அந்தப் பஞ்சகவ்யா நல்ல சமாச்சாரம், லிட்டருக்கு 30 மில்லி, பதினஞ்சு நாளைக்கு ஒரு வாட்டின்னு குடுத்தா செடி நல்லா தெரியும். ஆனா அது வளர்ச்சி ஊக்கி, பூச்சி மருந்து இல்ல. அசுவினி அப்பிக்கிட்டு இருக்கற செடிக்கு வாராவாரம் சத்து ஊத்தினா கொழுந்து இன்னும் மெத்துன்னு வரும், அசுவினிக்கு விருந்து தான். சாறு உறிஞ்சற பூச்சி வந்திருக்கற நேரத்துல தழைச்சத்து எல்லாத்தையும் பத்து பதினஞ்சு நாள் நிறுத்துங்க. 3ஜி கரைசல் விரட்டும், கொல்லாது, வாசம் போனதும் பூச்சி திரும்ப வரும், மழை காலத்துல அடுத்த நாளே போயிடும். அடிக்கறதுல தப்பில்ல, அதை மட்டும் நம்பி இருக்கறது தான் தப்பு.

இப்ப வேப்பெண்ணெய். நீங்க எப்படி கலக்கறீங்கன்னு எழுதல, ஆனா வாரம் ரெண்டு வாட்டி அடிச்சும் கேக்கலைன்னா எனக்கு மூணு சந்தேகம். ஒண்ணு, விளக்கு ஏத்தறதுக்கு விக்கற எண்ணெய வாங்கிட்டீங்களா? அதுல கலப்படம் ஜாஸ்தி, செக்குல ஆட்டினதா, கசப்பு வாடை தூக்கலா இருக்கறதா வாங்கணும், இல்லன்னா அசாடிராக்டின் (வேம்புல பூச்சி மேல வேலை செய்யற பொருள்) அளவு போட்டு விக்கற தயாரிப்பு வாங்கி அதுல எழுதியிருக்கற டோஸ்ல அடிக்கணும். ரெண்டு, எண்ணெய நேரா தண்ணில ஊத்தினீங்களா? ஊத்தினா மேல மிதக்கும், முதல்ல வெறும் தண்ணி வரும், கடைசில மொத்த எண்ணெயும் ஒரே செடில விழுந்து அது கருகும். 5 மில்லி எண்ணெய்க்கு 2 மில்லி காதி சோப்புக் கரைசல், ரெண்டையும் தனியா ஒரு டம்ளர்ல விட்டு பால் நிறம் வர்ற வரைக்கும் கலக்குங்க, அப்புறம் வெதுவெதுப்பான தண்ணி கொஞ்சம் கொஞ்சமா விட்டு ஒரு லிட்டர் ஆக்குங்க, கலந்ததை அன்னிக்கே தீத்துடுங்க. பாத்திரம் தேய்க்கற லிக்விட் வேணாம், சிலது இலைய சுட்டுடும். மூணு, காலைல பத்து மணிக்கு அடிச்சீங்களா? வெயில்ல அதோட வீரியம் சீக்கிரம் போயிடும், இலையும் கருகும். அஞ்சு மணிக்கு மேல, இலைக்கு அடிப்பக்கம் நனையற மாதிரி, வாரம் ஒரு வாட்டி மட்டும். புது செடின்னா ஒரு இலைல அடிச்சு ஒரு நாள் பாத்துட்டு மத்ததுக்கு.

அதோட வேப்பெண்ணெய் அடிச்ச உடனே பூச்சி பொத்து பொத்துன்னு விழாது. அது திங்கறத நிறுத்தும், தோல் உரிக்க முடியாம பண்ணும், முட்டை வைக்கறத குறைக்கும். அதனால மறுநாள் காலைல போய் 'இன்னும் நடக்குதே'ன்னு பாக்கறதுல அர்த்தமில்ல.

எண்ணெய விட எனக்குப் பிடிச்சது வேப்பங்கொட்டைக் கரைசல் தான். ஆனி ஆடில மரத்தடில கொட்டற பழத்த பொறுக்கி, தசைய கழுவி, நிழல்ல காய வச்சு துணிப்பைல போட்டு வச்சா வருஷத்துக்கு ஆச்சு. ஓட்டை உடைச்சு பருப்பு 50 கிராம் இடிச்சு துணில முடிஞ்சு ஒரு லிட்டர் தண்ணில ராத்திரி ஊற வச்சு, காலைல பிழிஞ்சு வடிகட்டி, சாயங்காலம் கொஞ்சம் சோப்பு சேத்து அடிங்க. மதுரைல வேப்ப மரத்துக்கா பஞ்சம்?

இவ்வளவும் செஞ்சும் இலைப்பேன் அடங்கலன்னா அப்ப கெமிக்கலுக்கு போகலாமான்னு கேப்பீங்க. நான் 'ஐயோ கூடவே கூடாது'ங்கற கட்சி இல்ல, ஆனா பேரைக் கேட்டு வாங்குங்க. ஸ்பைனோசாட்னு ஒண்ணு, மண்ணுல இருக்கற ஒரு பாக்டீரியால இருந்து எடுக்கறது, இலைப்பேனுக்கு கேக்கும், 45 எஸ்.சி.ன்னு போட்டிருக்கறதுல லிட்டருக்கு 0.3 மில்லி தான், ஊசி போடற சிரிஞ்ச்ல அளந்து எடுங்க, மூடில ஊத்தி குத்துமதிப்பா வேணாம். ஈரமா இருக்கறப்ப தேனீக்கு ஆகாது, அதனால பொழுது சாஞ்ச பிறகு. அடிச்சு எத்தனை நாள் கழிச்சு பறிக்கணும்னு லேபிள்ல இருக்கும், அதுக்கு முன்னாடி பறிக்காதீங்க. எந்த டப்பாவை வாங்கினாலும் அதுல இருக்கற முக்கோணத்த பாருங்க, சிவப்புன்னா கடுமையான விஷம், அடுத்தது மஞ்சள், அப்புறம் நீலம், பச்சை தான் இருக்கறதுலயே குறைச்சல். குழந்தைங்க விளையாடற மாடிக்கு சிவப்பும் மஞ்சளும் ஏறவே கூடாது. கடைக்காரர் உதிரியா பாட்டில்ல ஊத்தி லேபிள் இல்லாம குடுத்தா அங்கயே வச்சுட்டு வந்துடுங்க. மோனோகுரோட்டோபாஸ் காய்கறிக்கு அடிக்கக் கூடாதுன்னு 2005லயே மத்திய அரசு தடை போட்டாச்சு, அதுக்கப்புறமும் 'நல்லா கேக்கும் சார்'னு எடுத்துக் குடுத்த ஆளுங்க உண்டு.

கடைசியா கொய்யா. இலை மேல கருப்பு, தொட்டா விரல்ல ஒட்டுது, நகத்தால சுரண்டினா தோல் மாதிரி உரிஞ்சு அடில பச்சை இலை நல்லாவே இருக்கு, சரியா? அது கரும்பூசணம். இலைய அது சாப்பிடல, மேல விழுந்த இனிப்புத் தண்ணில தான் வளருது. அந்த இனிப்புத் தண்ணி பக்கத்து வீட்டு தென்னைல இருந்து. ஓலைக்கு அடிப்பக்கம் அண்ணாந்து பாத்தீங்கன்னா வெள்ளையா சுருள் சுருளா கோலம் போட்டிருக்கும், சுருள் வெள்ளை ஈ, அது கழிக்கறது தான் அந்த இனிப்புத் தண்ணி. 2016ல பொள்ளாச்சி, பாலக்காடு பக்கம் முதல்ல தெரிஞ்சது, இப்ப தென்னை இருக்கற ஊர்லயெல்லாம் இருக்கு. உங்க கொய்யா இலையையும் திருப்பிப் பாருங்க, கொய்யாலயும் அது குடும்பம் நடத்தும்.

கருப்பு போக மைதா 25 கிராம் ஒரு லிட்டர் தண்ணில கரைச்சு, கூழ் பதம் வராம தண்ணியா கொதிக்க வச்சு ஆற விட்டு, வடிகட்டி இலை மேல அடிங்க. காஞ்சதும் மைதா ஏடு கருப்பையும் சேத்து உரிச்சுக்கிட்டு விழும். அடிப்பக்கத்துக்கு தண்ணி வேகமா. மஞ்சள் ஷீட்ல விளக்கெண்ணெய் தடவி கொய்யாக்கும் தென்னைக்கும் நடுவுல கட்டுங்க, வாரத்துக்கு ஒரு வாட்டி துடைச்சு திரும்ப தடவணும். இந்த ஈக்கும் என்கார்சியான்னு ஒரு குட்டிக் குளவி தானாவே வந்து சேந்திருக்கு. ஓலைல கருப்பு கருப்பா மாறின குஞ்சு தெரிஞ்சா குளவி வேலைய ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம், அந்த ஓலைய வெட்டி எறியாம விடச் சொல்லுங்க. பக்கத்து வீட்டுக்காரர் வேர்ல மருந்து கட்டறேன்னு கிளம்பினா உக்கார வச்சு இதைச் சொல்லுங்க. கட்டியே தீருவேன்னா அந்த மரத்துக் காய எத்தனை நாள் பறிக்கக் கூடாதுன்னு கேட்டுக்கோங்க, ஏன்னா உங்க மாடில விழற இளநிய நீங்களும் தான் குடிப்பீங்க.